புறாமாடத்தை வீடாக்கும்போது உட்சுவர்ப் பொந்துகளை அடைக்கலாமா?

கேள்வி (வட்டச்சுவர்):
வணக்கம். இங்கிலாந்தில், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ள வட்டவடிவச் செங்கல் புறாமாடம் ஒன்றை வீடாக மாற்ற எண்ணியிருக்கிறோம். தரையிலிருந்து கூரைவரை உட்சுவர் முழுவதும் புறாக்கள் கூடுகட்டிய நூற்றுக்கணக்கான பொந்துகள் உள்ளன. அவற்றை அடைத்துச் சிமெண்ட் பூசிவிட்டால் சுவர் சமமாகும், உப்புப் பூத்தலும் நின்றுவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரிதானா?

பதில் (பழங்கட்டடப்பித்தன்):
அடைக்காதீர்கள். பட்டியலின் பாதுகாப்பு கட்டடத்தின் உட்புறத்துக்கும் பொருந்தும். பட்டியலிலுள்ள கட்டடங்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன் ஒப்புதலின்றி அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றங்களைச் செய்வது குற்றம். பொந்துகள்தாம் அந்தத் தன்மை. ஹெர்ஃபோர்ட்ஷயரின் கார்வேயில் 1326இல் கட்டப்பட்ட புறாமாடத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வதே அதன் 666 பொந்துகளைத்தான். (நம் மொழியில் அப்பறவையின் பெயரே மாடப்புறா அல்லவா!)

பதில் (சுண்ணாம்புக்காரை):
உப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பல தலைமுறைப் புறாக்களின் எச்சத்திலிருந்து செங்கல்லுக்குள் இறங்கிய நைட்ரேட் உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கரைவதும், காய்ந்தபின் படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உதிர்ப்பதுமாக இருக்கும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்துவதால் சேதம் கூடுமே தவிரக் குறையாது. பூச்சு தேவைப்படும் இடங்களில் மட்டும் சுண்ணாம்புக் காரையைப் பூசுங்கள். உப்பைத் தான் வாங்கிக்கொண்டு அது உதிரும்; உதிர்ந்தபின் மீண்டும் பூச வேண்டியதுதான். எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், நனைத்து, தகுந்த சுவாசக் கவசத்துடன் அகற்றுங்கள். அதன் தூசி நுரையீரல் நோய்களைத் தரக்கூடியது. வௌவால் தங்கியிருக்கிறதா என்பதையும் முன்னதாக ஆய்வு செய்யுங்கள்; அவை வெளியேறியிருக்கும் காலத்திலும் அவற்றின் உறைவிடம் சட்டப் பாதுகாப்புக்குரியது.

பதில் (பழங்கட்டடப்பித்தன்):
வெப்பக்காப்புக்கு, சுவரைத் தொடாமல் உள்ளே தனியொரு கூட்டை நிறுத்துவதைப் பற்றிக் கட்டடக்கலைஞரிடம் கேளுங்கள். சஃபோக்கின் ஸ்நேப் மால்டிங்ஸ் கலைவளாகத்தில், இடிந்த புறாமாடச் சுவர்களுக்குள் துருநிற எஃகுக்கூடு ஒன்றைக் கிரேனால் இறக்கிக் கலைஞர்களுக்கான பணிக்கூடம் ஆக்கினார்கள். உங்களுடையது இடிபாடு அல்ல என்பதால் அதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனாலும் பழையது பழையதாகவே நிற்க, புதியது அதனுள் தனித்து நிற்கும் அந்த முறை உங்களுக்கும் உதவும். வெளிச்சத்துக்காகச் சுவரை உடைப்பதற்கு முன், கூரை உச்சியில் புறாக்கள் நுழைந்த, கூண்டு போன்ற திறந்த அமைப்புக்குக் கண்ணாடியிட ஒப்புதல் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

வட்டச்சுவர்:
மிக்க நன்றி. சிமெண்ட் வேண்டாமென்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன். முகம் சற்றுச் சுருங்கியது. உள்ளாட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரை அடுத்த வாரம் சந்திக்கிறோம்.