ஆப்பிளின் ‘சில்லிங் அவர்ஸ்’: தமிழில் என்ன போடலாம்?

தங்கச்சிமடம், ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளித் தோட்டத்துக்கான துண்டறிக்கை வியாழனன்று அச்சுக்குப் போகிறது. முன்பக்கம் வீட்டு ஆப்பிள், பின்பக்கம் நம்ம ஊர்ப் பட்டாம்பூச்சி. அன்னா, டார்செட் கோல்டன், எச்ஆர்எம்என்-99 என்று ‘வெயிலூர் ஆப்பிள்’ கன்றுகளை வாங்கிவந்து நட்டுவிட்டு, எப்போது காய்க்கும் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். ஏறத்தாழ 0 முதல் 7 பாகை (டிகிரி செல்சியஸ்) வரையான குளிரில் மரம் மொத்தம் எத்தனை மணி நேரம் நின்றது என்பதே ‘சில்லிங் அவர்ஸ்’ கணக்கு. அது நிறைந்தால்தான் மொட்டு உறக்கம் கலைந்து ஒழுங்காகப் பூக்கும். பழைய ரகங்கள் பலவற்றுக்கு 800, 1000 மணி வேண்டும். அன்னாவுக்கு 300, டார்செட்டுக்கு 100 அளவில் போதும். ‘குளிர் மணிநேரம்’ என்று எழுதியிருக்கிறேன், வாயில் நிற்கவில்லை. எட்டாம் வகுப்புக்குப் புரிகிற சொல் தாருங்கள்.

பரமக்குடி:
‘குளிர்மணி’ போதுமே டீச்சர். அலகு மாதிரியும் இருக்கும். ‘300 குளிர்மணி’.

கீழக்கரை, புலவர்:
குளிர்மணி என்றால் குளிர்ந்த மணி. முத்தா, ஆலங்கட்டியா? பெரும்பொழுது ஆறில் குளிர்காலத்துக்குக் கூதிர் என்றொரு சொல் சும்மா கிடக்கிறது. ‘கூதிர்நாழிகை’ என்க. அப்படியே ஆப்பிளையும் அரத்தி என்றோ குமளி என்றோ திருத்திவிடலாம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டது நம் இராமநாதபுரச் சீமையிலிருந்து போய்த்தான். அந்த மண்ணில் அச்சாகும் தாள் இது.

பரமக்குடி:
ஐயா, நாழிகை 24 நிமிடம். அன்னாவின் 300 மணி 750 நாழிகையாகிவிடும், பிள்ளைகள் கணக்கு நோட்டைத் தேடுவார்கள். தவிர, கூதிர் ஐப்பசி கார்த்திகை. நமக்கு அது குடைக்காலம். அரத்தி என்று போட்டால் தங்கச்சிமடத்தில் யாருக்கோ கல்யாணமாகி ஆலம் சுற்றுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

தொண்டி, நாற்றங்கால் வைத்திருப்பவர்:
எதுக்கு வம்பு? ‘சில்’ தமிழ்தானே. சில்லுனு காத்து வருது என்கிறோம். ‘சில்மணி’ என்று வையுங்கள். தொண்டியிலிருந்து மிளகு கப்பலேறியபோது இந்தச் சொல்லும் ஏறிப்போய் ஆங்கிலமாயிற்று என்பது என் துணிபு.

கீழக்கரை, புலவர்:
தம்பி, மிளகு ஏறியது மேலைக் கடற்கரைத் தொண்டியில். அது சேரர் துறை. சொல்லுக்கு வருவோம். மதுரைக்காஞ்சியில் ‘சில்காற்று இசைக்கும் பல்புழை நல்லில்’ என்று வருகிறது. அங்கே சில் என்பது மென்மை, சிறுமை, குளிர்ச்சி அன்று. உங்கள் சில்மணியைச் ‘சில மணி நேரம்’ என்றுதான் படிப்பார்கள். ஆயிரம் மணி நேரத்துக்குச் சில்மணியா?

பரமக்குடி:
ஆங்கிலச் ‘சில்’ (chill) பழைய ஜெர்மானியச் சொல். ‘கோல்ட்’ (cold) என்பதற்கு உறவு. ஆதியில் முதலெழுத்து ககர ஒலி.

தொண்டி:
ககரமா? அப்போ ‘குளிர்’ இன்னும் கிட்ட வந்துருச்சே!

(இதன்பின் கு, சி திரிபு பற்றி வந்த பதினோரு மடல்களை நெறியாளர் தனி இழைக்கு மாற்றியுள்ளார்.)

மண்டபம், பட்டாம்பூச்சி பார்ப்பவர்:
எந்தச் சொல் வைத்தாலும் மண்டபத்தில் அதன் மதிப்பு சுழியம். மார்கழி விடியலில்கூட நமக்கு 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கிழக்கு ஜாவாவில் ‘பத்து’ (Batu) என்ற ஊரில், குளிருக்குப் பதிலாக, அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிட்டு மறுபடி பூக்கவைக்கிறார்கள்; ஆனால் அது மலையூர். எனவே ‘குளிர்த்தேவை’ என்பது மரத்தின் குணம், மணி என்பது நாம் அளக்கும் அலகு. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம்.

பின்பக்கத்தைப் பாருங்கள் டீச்சர். எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சி முட்டையிடும் எலுமிச்சையைத் ‘தாய்ச்செடி’ என்கிறீர்கள். முன்பக்கத்தில் ஒட்டுக்குச்சி வெட்டும் மரமும் தாய்ச்செடி. குழந்தை எதில் கத்தி வைக்கும்?

பரமக்குடி:
பாடநூலில் ‘ஹோஸ்ட்’ என்பதற்கு ‘ஓம்புயிர்’ இருக்கிறதே.

மண்டபம்:
அது ஒட்டுண்ணிப் பாடத்துச் சொல். கொக்கிப்புழு ஞாபகம் வரும். ‘புழுத்தழை’ என்று வைக்கலாம். வெந்தய வரியனுக்கு எருக்கு, சிவப்புடல் அழகிக்கு ஆடுதின்னாப்பாளை. உப்புக்காற்றிலும் நிற்கும் உகா மரம் ‘ஸ்மால் சால்மன் அரபு’ பட்டாம்பூச்சிக்கு.

கீழக்கரை, புலவர்:
உகா என்றதும் மனம் குளிர்ந்தது. குறுந்தொகைப் புலவர் அதன் அடிமரத்தைப் புறாவின் முதுகுக்கும் கனியை இறாலின் சினைக்கும் ஒப்பிடுகிறார். பாலைப் பாட்டுக்குள் இறால் எப்படி வந்தது? நம் கரையைக் கண்டவர் என்றே சொல்வேன். ஆனால் ‘புழுத்தழை’ அருவருப்பு. புழு வைத்த தழை என்று ஆட்டுக்குக்கூடப் போடமாட்டார்கள்.

தங்கச்சிமடம், ஆசிரியை:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். மரத்தின் குணத்துக்குக் ‘குளிர்த்தேவை’, அலகுக்குக் ‘குளிர்நேரம்’, பின்பக்கத்தில் ‘புழு உணவுச்செடி’. ஆப்பிள் ஆப்பிளாகவே இருக்கும். மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள்.

கீழக்கரை, புலவர்:
நான் ஓயவில்லை. குளிர்நேரம் என்றால் என்னைப் போன்றவர்கள் மப்ளர் கட்டும் நேரம். பரிந்துரைத்தோர் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.

தொண்டி:
ஐயா, ‘மப்ளர்’ எந்த வேர்?