வீட்டில் தைக்கிற அம்மா வேலை நேரத்தில் கதவைச் சாத்தலாமா?

மதுரை_தையல்:

“கைக்குழந்தைக்காரிக்கு வீட்டோட செய்யற சொந்தத் தொழில்தான் தோது. பிள்ளையையும் பாத்துக்கலாம், நாலு காசும் பாக்கலாம்.” பிரசவத்துக்கு அப்புறம் என்ன வேலை செய்யலாம்னு யார் கேட்டாலும் முதல்ல வர்ற பதில் இதுதான். வீட்டுல மிஷின் போட்டுத் தைக்கிறவங்கற முறையில இதை நான் மறுக்கிறேன். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யவே முடியாது.

ஒரு லைனிங் பிளவுஸை எடுத்துக்கோங்க. கழுத்துக்கு வைக்கிற பைப்பிங் துணியைக் குறுக்கு வாட்டத்துல வெட்டியிருப்போம், இழுத்தா இழுபடும். வளைவை ஒரே ஓட்டமா ஓட்டி முடிச்சிடணும். பாதியில பிள்ளை அழுதுன்னு எழுந்து போயிட்டு வந்து உட்கார்ந்தா, இடது பக்கமும் வலது பக்கமும் ஒண்ணு போல வராது. பிரிக்கணும். பட்டுத் துணியில பிரிச்சா ஊசி ஓட்டை அப்படியே நிக்கும். காலடியில பெடல், பக்கத்துல சூடான அயர்ன்பாக்ஸ், தரையில குண்டூசி. தவழற பிள்ளையை இதுக்கு நடுவுல எப்படி விடுவீங்க? அதனால பிள்ளை தூங்கின பிறகுதான் வேலையே ஆரம்பிக்குது. முகூர்த்த மாசம்னா விடிய விடிய ஓடும், விடிஞ்சா அடுப்படி.

மீனாட்சியம்மன் கோயில் புது மண்டபத்துல வரிசையா மிஷின் போட்டுத் தைச்ச அண்ணன்மாரை மதுரையில தெரியாதவங்க கிடையாது. இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடைகள் மாறிடுச்சு. அவங்க ஓட்டுறதும் இதே மிஷின்தான். தைச்சிட்டு இருக்கும்போது “பால் பொங்குது, பாரு”ன்னு அவங்களை யாரும் எழுப்பினதில்லை. அவங்களை டெய்லர்னு சொல்ற ஊரு, என்னைக் கேட்டா “வீட்லதான் இருக்கா”ன்னு சொல்லுது.

என் கருத்து இதுதான். வீட்டுல தைக்கிற அம்மாவும் 10 மணியிலேருந்து 4 மணி வரைக்கும் கதவைச் சாத்திட்டுத் தைக்கணும். அந்த நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்க ஓர் ஆளுக்குக் காசு கொடுக்கணும். அந்தக் காசைத் தையல் கூலியிலயே சேர்க்கணும். உங்க அபிப்பிராயம் என்ன?

திருப்பூர்_அம்மா:

அம்மணி, நீங்க சொல்ற கஷ்டத்துல ஒரு சொல்லுகூடப் பொய்யில்லீங்க. ஆனா மருந்து தப்புங்க.

நான் பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவ. ஒன்றரை ஷிஃப்ட். காலையில 8.30-க்கு உள்ள போனா ராத்திரி 8.30-க்கு வெளிய வரணும். கிளம்பறப்ப பையன் தூங்கீட்டு இருப்பான், வர்றப்பவும் தூங்கீட்டு இருப்பான். ஞாயித்துக்கிழமை தூக்கப் போனா என்ற அம்மாகிட்டத் தாவுவான். அதுக்குத்தான் வேலையை விட்டேன். இப்ப காதர்பேட்டையில கிலோக் கணக்குல பிட்டுத் துணி வாங்கி, குழந்தைகளுக்கு ராத்திரி போடற செட்டு தைச்சுக் கொடுக்கறேன். வருமானம் கம்பெனியை விடக் கம்மி. ஆனா அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசறப்ப நான் வீட்டுல இருக்கறேன். காய்ச்சல்னா யாருகிட்டயும் லீவு கேட்டு நிக்கறதில்லை.

கதவைச் சாத்தி, மணி பார்த்து வேலை செய்யோணும்னா அது மறுபடியும் கம்பெனிதானுங்களே? அதுக்கு எதுக்குச் சொந்தத் தொழிலு? இன்னொண்ணு. துணி கொண்டு வர்றவங்க யாரு? அவங்களும் வேலைக்குப் போற பொம்பளைங்கதான். சாயங்காலம் 7 மணிக்கு மேலதான் அளவு கொடுக்க வருவாங்க. கதவைச் சாத்துனா அடுத்த தெருவுக்குப் போயிருவாங்க.

வரவுசெலவு:

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்பதால் ரூபாயில் பேசுகிறேன். சகோதரி ஒரு லைனிங் பிளவுஸுக்கு 350 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லைனிங், கேன்வாஸ், நூல், ஊக்கு, மின்சாரம் எல்லாம் போக 250 நிற்கும். வெட்டுவதில் தொடங்கி ஊக்கு வைத்து ஹெம்மிங் முடிக்க மூன்று மணி நேரம் என்றால், கதவைச் சாத்திய ஆறு மணி நேரத்தில் இரண்டு பிளவுஸ், 500 ரூபாய். அதில் பிள்ளை பார்க்கும் ஆளுக்கு 200 கொடுத்தால் மிச்சம் 300. கூலியை 450 ஆக்கினால் வருகிறவர்கள் ரெடிமேட் பிளவுஸ் பக்கம் போய்விடுவார்கள். யோசனை நல்லதுதான், தொழில் தாங்காது.

மதுரை_தையல்:

அண்ணா, உங்க கணக்குல ஒரு வரி விட்டுப்போச்சு. இப்ப பிள்ளையைப் பார்த்துக்கற ஆளுக்குக் கூலி எவ்வளவு? சைபர். அந்த ஆள் நான்தான். அந்த நேரத்தைச் செலவுல எழுதாததனாலதான் 350 ரூபாய்க்கு லாபம் இருக்கற மாதிரித் தெரியுது. 2024-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷமும் ஆண்கள் 88 நிமிஷமும் அதுல செலவழிக்கிறதா வந்திருக்கு. பிள்ளையைக் கவனிக்கிற நேரம் அதுக்கு மேல தனி. கடையில உட்கார்ந்து தைக்கிற ஆள் அந்த நிமிஷங்களைத் தையலுக்கே வச்சுக்கறார். நான் தூக்கத்துலேருந்து எடுக்கிறேன்.

ரெடிமேட் பயத்தையும் நான் ஒத்துக்க மாட்டேன். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கறவங்க, அதோட வர்ற பிட்டைத்தான் தைக்கக் கொடுக்கறாங்க. தோள் இறக்கம், கை சுற்றளவு ஆளுக்கு ஆள் மாறும். அவங்க கூலிக்காக ஓடுறதில்லை. சொன்ன தேதிக்குக் கிடைக்கலைன்னாத்தான் ஓடுவாங்க. தூக்கமில்லாம தைச்சாத்தான் தேதி தவறுது.

அக்கா, ஒன்றரை ஷிஃப்ட்டோட ஒப்பிட்டா எதுவுமே சுகமாத்தான் தெரியும். கம்பெனியில பொழுது அநியாயமா இழுக்குதுங்கறதுக்காக, வீட்டு வேலைக்குப் பொழுதே வேண்டாம்னு சொல்லலாமா? அளவெடுக்கச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைப்போம், அதுல எனக்கு மறுப்பில்லை. 2022-ல எங்க மதுரையில தொடங்கின காலை உணவுத் திட்டத்தையே பாருங்க. மூத்தவள் அரசுப் பள்ளியிலயே சாப்பிட்டுடறா. காலையில அந்த ஒரு அடுப்பு வேலை குறைஞ்சதுமே எனக்கு கட்டிங் போட நேரம் கிடைக்குது. ஒரு வேலையை இன்னொருத்தர் ஏத்துக்கிட்டாத்தான் தாய்க்கு நேரம் வருது. “வீட்டோட இருந்தா சமாளிச்சுக்கலாம்”னு சொன்னா வராது.

தொழிற்சங்கத்_தோழி:

ரெண்டு பேரும் கூலியையும் நேரத்தையும் மட்டும் பேசறீங்க. திருப்பூர் அக்கா கம்பெனியில இருந்தப்ப சம்பளத்துல இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கான பணம், பிடிச்சிருப்பாங்க. அதுல 26 வாரம் சம்பளத்தோட பிரசவ விடுப்பு உண்டு. பேறுகாலப் பயன் சட்டம் வந்தது 1961-ல, 26 வாரமா உயர்ந்தது 2017-ல. அது ஒரு நிறுவனத்துல சம்பளத்துக்கு வேலை செய்றவங்களுக்குத்தான். தன் வீட்டுல தன் மிஷினை ஓட்டறவளுக்கு அந்த விடுப்பே கிடையாது. பச்சை உடம்போட அவ பெடலை மிதிச்சாத்தான் அடுத்த மாசம் வாடிக்கை இருக்கும். கதவைச் சாத்தறதா வேண்டாமான்னு பேசறதுக்கு முன்னாடி, தையல் தொழிலாளர் நல வாரியத்துல ரெண்டு பேரும் பதிஞ்சிருக்கீங்களா? மகப்பேறு உதவி, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, 60 வயசுக்கு மேல ஓய்வூதியம் எல்லாம் அதுல இருக்கு. வீட்டுல தைக்கிறவங்க பலர் தங்களைத் தொழிலாளின்னே நினைக்கறதில்லை, அதனால பதியறதே இல்லை.

திருப்பூர்_அம்மா:

இஎஸ்ஐ இருந்துச்சுங்க, லீவும் கெடச்சுது, அதை மறக்க மாட்டேன். வாரியத்துல பதியலீங்க, இந்த வாரமே விசாரிக்கறேன்.

ஆனா மதுரை அம்மணிகிட்ட ஒண்ணு கேட்கோணும். 200 ரூபாய்க்குப் பிள்ளையைப் பாக்க வர்ற அந்தப் பொம்பளையோட பிள்ளையை யாரு பாப்பாங்க?

மதுரை_தையல்:

நியாயமான கேள்விக்கா. எங்க தெருவுல பிள்ளைகளை எல்லாம் கட்டிக்கொடுத்துட்டு, கையில காசு இல்லாம இருக்கற அக்காமார் உண்டு. அவங்க கேட்கறதைக் கொடுக்கறதுக்குத்தான் தையல் கூலியை ஏத்தணும்கிறேன். ரெண்டு வயசு தாண்டின பிள்ளைன்னா அங்கன்வாடி இருக்கு, அப்ப மதியத்துக்கு மேல மட்டும் ஆள் இருந்தாப் போதும். வீட்டுக்காரரும் விடுமுறை நாள்ல அரை நாள் பார்த்துக்கலாம். அதை “உதவி”ன்னு யாரும் சொல்ல வேண்டாம், அவர் பிள்ளைதானே.

வரவுசெலவு:

செலவில் அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே தாவலில் 100 ரூபாய் ஏற்ற வேண்டாம். முதலில் அவசரத் துணிக்கும் டிசைன் பிளவுஸுக்கும் ஏற்றுங்கள். சாதா பிளவுஸை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

திருப்பூர்_அம்மா:

கதவைச் சாத்தறதுல எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லீங்க அம்மணி. என்ற பையன் வந்து கதவைத் தட்டி நிக்கறதை நெனச்சாலே மனசு கேக்க மாட்டேங்குது. கூலி ஏத்தறது சரிதானுங்க. ஏத்தறதா இருந்தா ஆடி முடியறதுக்குள்ள சொல்லிப்போடுங்க. ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி வந்து குவிஞ்ச பின்னால சொன்னீங்கன்னா வாசல்ல நின்னு சண்டைக்குத்தான் வருவாங்க.