மாட்டுங்கா விடுதியின் டிரங்குப் பெட்டி: எதை வைத்துக்கொள்வது, எப்படிக் காப்பது?

செம்பூர்வாசி எழுதியது:

வணக்கம். செம்பூரில் நாங்கள் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கும் கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகிறது. அடுத்த மாதத்திற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு, புதுக் கட்டடம் எழும்வரை ஒற்றைப் படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருந்தாகவேண்டும். பரணை ஒழித்தபோது, பித்தளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து என் விடுதி நாட்களின் டிரங்குப் பெட்டி வெளியே வந்தது.

கும்பகோணத்தில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, 1984இல் மாட்டுங்காவில், யூடிசிடி என்று அப்போது எல்லோரும் அழைத்த, இன்று ஐசிடி என்று பெயர் மாறிவிட்ட வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் எண்ணெய்த் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்தேன். அங்கு விடுதியில் கழித்த மூன்று ஆண்டுகளும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. அப்பா மாதந்தோறும் அனுப்பிய மணியார்டர்களின் கூப்பன்கள் (பணம் அனுப்புபவர் சில வரி எழுதும் துண்டு) முப்பத்தொன்று, அம்மாவும் நண்பர்களும் எழுதிய இன்லண்டு கடிதங்கள் ஒரு கட்டு, ஓர் ஆட்டோகிராப் நோட்டு, ஒரு தந்தி, ரயில்வே சீசன் பாஸின் பிளாஸ்டிக் உறை, ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் நாற்பது புகைப்படங்கள், கடைசி நாளன்று வகுப்பு முழுவதும் கையெழுத்திட்ட ஆய்வகக் கோட்டு, கடைசி இரவில் நடைவழியில் உட்கார்ந்து நாங்கள் பாடியதைப் பதிவு செய்த இரண்டு கேசட்டுகள். கோட்டின் தோள்பட்டையில், சாயப் பிரிவில் படித்த என் அறைத்தோழன் வேண்டுமென்றே தெறித்த நீலக் கறை இன்னும் இருக்கிறது.

எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு பொருட்களை விட்டுவிடலாம் என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போகிற வீட்டில் அரிசி டின்னுக்கே இடம் தேடவேண்டும். கூப்பன்களையாவது லாமினேட் செய்து வைத்துக்கொள்ளலாமா? மும்பையின் நான்கு மாத மழையில் இவற்றை எதில் வைத்தால் தாங்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டோம்பிவிலி சாயக்காரன் எழுதியது:

நானும் அதே விடுதியில், உங்களுக்கு இரண்டு ஆண்டு முன்னதாகச் சாயப் பிரிவில் படித்தவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: லாமினேஷன் மட்டும் வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளைச் சேதப்படுத்தாமல் பிரிக்க முடியாது. அந்தச் சூடே பழைய தாளுக்குக் கேடு.

முதலில் கூப்பன்களிலும் கடிதங்களிலும் உள்ள குண்டூசிகள், ஸ்டேப்ளர் கம்பிகள், ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கம்பி துருவேறித் தாளை ஓட்டையாக்கும். ரப்பர் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். இன்லண்டு கடிதங்களை மடித்தபடியே விட்டால் மடிப்பில்தான் முதலில் கிழியும் என்பதால் விரித்துத் தட்டையாக அடுக்குங்கள். பிளாஸ்டிக் உறை வாங்கினால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான பிவிசி உறைகள் நாளடைவில் மையைத் தம்மோடு ஒட்டி எடுத்துக்கொள்ளும்.

மையைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், அது என் தொழில். உங்கள் அப்பா ஊற்றுப் பேனாவில் நீல மையால் எழுதியிருந்தால் அது தண்ணீரில் கரையும் சாயம். ஈர விரல் பட்டாலே பரவும், வெயில் பட்டால் வெளுக்கும். பால்பாயிண்ட் எழுத்து தண்ணீருக்கு அசையாது, ஆனால் அதுவும் வெளிச்சத்தில் மங்கும், ஸ்பிரிட் பட்டால் ஓடிவிடும். பென்சில் எழுத்துக்கு இந்தக் கவலையே இல்லை, அது வெறும் கிராபைட். ஆகவே இது எந்த மாதம், யார் எழுதியது, எதைப் பற்றியது என்ற குறிப்புகளை மெல்லிய பென்சிலால் பின்பக்கத்தில் எழுதி, தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குறிப்பு இல்லாத கூப்பன் வெறும் ரசீதுதான்.

கோட்டைத் தயவுசெய்து துவைக்காதீர்கள். தோள்பட்டைக் கறை ரியாக்டிவ் சாயம் என்றால் அது பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பே கொண்டுவிட்டது, நூறு தடவை அலசினாலும் போகாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள கையெழுத்துகள் சோப்பு நீரில் ஊறினால் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. தூசியைத் தட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

பூச்சிக்கு எல்லோரும் பாச்சை உருண்டை போடுவார்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும் என்பதால் கேசட்டுகள் இருக்கும் பெட்டியில் போடவேண்டாம். தஞ்சை சரஸ்வதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை, கற்பூரம் இவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கு இடையில் வைப்பது நெடுநாள் வழக்கம். உங்கள் ஊர்ப்பக்க மருந்தே இருக்கும்போது வேறு எதற்கு? முடிச்சு தாளின்மேல் நேராகப் படாமல் ஓர் ஓரத்தில் இருக்கட்டும்.

முலுண்ட் அம்மா எழுதியது:

சாயக்காரர் சொன்னவற்றுக்கு மேல் ஒன்று: பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், கீழ்த்தளத்து வீடாக இருந்தால் கட்டாயம் வைக்காதீர்கள். 2005 ஜூலை 26 அன்று நாங்கள் காலினாவில் கீழ்த்தளத்தில் இருந்தோம். சாந்தாகுரூஸில் அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி நதி எங்கள் தெருவுக்குள் வந்தபோது குழந்தைகளையும் மாமியாரையும் மாடிக்கு ஏற்றத்தான் நேரம் இருந்தது. திருச்சியில் கல்லூரி விடுதியில் நான் இருந்த மூன்று ஆண்டுகளின் கடிதங்களும் படங்களும் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸில் இருந்தன.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபின் திறந்து பார்த்தேன். ஊற்றுப் பேனாவால் எழுதிய கடிதங்கள் எல்லாம் இளநீலத் தாள்களாகிவிட்டன, ஓர் எழுத்து இல்லை. பால்பாயிண்டில் எழுதியவை சேற்று நாற்றத்தோடு பிழைத்தன. என் தோழிகளில் கையெழுத்து அழகாக இருந்தவர்கள் எல்லோரும் மைப் பேனாக்காரிகள், அவர்களுடையது ஒன்றும் மிஞ்சவில்லை; எப்போதும் அவசரத்தில் கிறுக்கும் ஒருத்தியின் கடிதங்கள் மட்டும் இன்று என்னிடம் இருக்கின்றன. அதை அவளிடம் தொலைபேசியில் சொன்னபோது அரைமணி நேரம் சிரித்தாள்.

புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அறியாமையால் வெயிலில் காயவைத்துப் பிறகு பிரித்தேன், முகங்கள் உரிந்து வந்துவிட்டன. காயவிடாமல் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரித்துப் பரப்பியிருக்கவேண்டும் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஈரத் தாளில் இரண்டு நாளைக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்; உடனே உலர்த்த முடியாவிட்டால் உறையிலிட்டுப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து, நேரம் கிடைக்கும்போது எடுக்கலாமாம். அன்று மின்சாரமே இல்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் ஒட்டும் ஆல்பத்திலிருந்து படங்களை இப்போதே எடுத்துவிடுங்கள், தம்பி. அந்தப் பசை மஞ்சளாகி, ஒவ்வோர் ஆண்டும் இன்னும் இறுகும். பல் இடுக்கில் விடுகிற நைலான் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுத்தால் பெரும்பாலும் முழுதாக வரும். வராவிட்டால் இழுக்காமல் அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

தாணேக்காரன் எழுதியது:

எல்லோரும் காப்பது பற்றியே பேசுவதால் மாற்றுக் கருத்து ஒன்று. என் தந்தையார் காலமானபின் அவருடைய கல்லூரிக் காலப் பெட்டி மூன்று என் தலையில் விழுந்தது. அவற்றில் இருந்தவர்களில் ஒருவரைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. எறியவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் காரணம் இல்லை. ஒரு செருப்புப் பெட்டி அளவு இடம் என்று வரையறுத்துக்கொண்டு, அதில் அடங்குபவற்றை மட்டும் வையுங்கள். மற்றவர்கள் இருக்கும் படங்களை அவரவருக்கே தபாலில் அனுப்பிவிடுங்கள். சீசன் பாஸ் உறை எதற்கு?

டோம்பிவிலி சாயக்காரன் எழுதியது:

சீசன் பாஸ் உறையைப் பழித்ததை நான் கண்டிக்கிறேன். அந்த உறைக்குள் வைத்த ஐந்து ரூபாயை நம்பி, ஞாயிற்றுக்கிழமை மெஸ் சாப்பாட்டைத் துறந்து, மாட்டுங்கா நிலையத்துக்கு எதிரே ராம நாயக் உடுப்பியில் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 1942இலிருந்து இருக்கும் கடை. வாழையிலை போட்டு ரசம் ஊற்றிய இடம் என்பதால், வீட்டை விட்டு வந்த நம் ஊர்ப் பையன்களுக்கு அது பாதி அம்மா. மற்றபடி, செருப்புப் பெட்டி யோசனையை ஏற்கிறேன். படங்களைத் திருப்பி அனுப்பும் யோசனை அதைவிட நல்லது.

கேசட் பற்றி யாரும் சொல்லவில்லை. மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகளை முதலில் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. ஆண்டுக்கணக்கில் சுற்றாமல் கிடந்த நாடா ஒட்டியிருக்கும் என்பதால், பாடவிடுவதற்கு முன் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றுங்கள். நல்ல டெக்கிலிருந்து கணினிக்கு வயர் கொடுத்துப் பதிவு செய்யலாம்; குறுக்கு வழி கிடையாது, தொண்ணூறு நிமிடக் கேசட்டுக்குத் தொண்ணூறு நிமிடமும் உட்காரவேண்டும்.

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முலுண்ட் அம்மா சொன்னபடி நைலான் நூலால் முப்பத்தேழு படங்களை முழுதாக எடுத்துவிட்டேன். மூன்று வரவில்லை, பக்கத்தோடு ஸ்கேன் செய்தேன். பதினொரு படங்கள் நாளை தபாலில் போகின்றன. கோட்டைத் துவைக்கவில்லை. தந்தி, 'ரிசல்ட் வந்தது பாஸ்' என்பதுதான். 2013இல் தந்தியே நின்றுவிட்டதால் என் மகள் அதைத் தன் நண்பர்களிடம் காட்டக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கூப்பன்களை நேற்று இரவு சாயக்காரர் சொன்னபடி தேதி வாரியாக அடுக்கினேன். அப்பா அந்தச் சிறிய கட்டத்தில்கூடக் கடிதம்போல ஊரும் தேதியும் இட்டுத்தான் தொடங்குவார். 'கும்பகோணம். ரூ. 300. மெஸ்ஸுக்குக் கட்டிவிடவும். உடம்பைப் பார்த்துக்கொள்.' எல்லாம் ஏறக்குறைய இதே வாசகம் என்பதால் நான் அப்போது பணத்தை எண்ணியதோடு சரி. அடுக்கியபோதுதான் 1986இல் ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதக் கூப்பன்களில் மட்டும் 'மாயவரம்' என்று இருப்பதைக் கவனித்தேன். மாயவரத்தில் எங்களுக்கு இருந்தது அத்தை வீடு ஒன்றுதான்.

இன்று காலை அத்தையை அழைத்துக் கேட்டேன். எண்பத்தாறு வயது, காது மந்தம், ஆனால் நினைவு தெளிவு. அந்த ஆண்டு அப்பா வேலை பார்த்த அரிசி மண்டியில் மூன்று மாதம் சம்பளம் நின்றுபோனதாம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் பஸ் பிடித்து வந்து அத்தையிடம் முந்நூறு ரூபாய் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோனால் செலவாகிவிடும் என்று அங்கேயே தபாலாபீஸில் கட்டிவிட்டுத் திரும்புவாராம். திருப்பிக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன். அதெல்லாம் உனக்கு எதற்கு, நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த மூன்று கூப்பன்களின் பின்பக்கத்திலும் பென்சிலால் இதை எழுதிவிட்டேன். அவற்றுள் ஆகஸ்டு மாதத்தினதில் குண்டூசியின் துருக்கறை 'மாயவரம்' என்ற எழுத்தின்மேலேயே படிந்திருக்கிறது. அதைத் தொடாமல் விடுவதா, ஏதாவது செய்ய வழி உண்டா என்று சாயக்காரர் சொன்னால் நன்றாக இருக்கும். செம்பூர், காட்கோபர் பக்கத்தில் யாரிடமாவது வேலை செய்கிற கேசட் டெக் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பதிவு செய்துகொள்கிறேன்.