பாதிராமணல் தீவில் ஏன் யாரும் குடியிருப்பதில்லை?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
போன வருஷம் கேரளத்தில் முகம்மாவிலிருந்து குமரகம் போகும் போட்டில் இருந்தபோது வேம்பநாட்டுக் காயல் நடுவே ஒரு தீவு தெரிந்தது, கரையே தெரியாத அளவுக்கு மரங்கள், ஒரு வீடு இல்லை. பக்கத்தில் இருந்தவர் பாதிராமணல் என்றார். அங்கே எப்போதாவது ஆள் இருந்தார்களா? டிசம்பரில் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பறவை பார்க்கலாமா?

பாறசாலை அண்ணாச்சி:
இருந்தார்கள் தம்பி. 1970களின் கடைசி வரை 14 குடும்பங்கள் அங்கே குடியிருந்தன, பிறகு முகம்மா கரைக்கு மாறினார்கள். ஆகவே ஆதிகாலக் காடு என்று நினைக்க வேண்டாம், ஆள் போனபின் மரங்கள் திரும்பப் பிடித்துக்கொண்ட இடம் அது. பேரும் நம்ம காதுக்குப் புரிவதுதான், பாதி இரா, மணல். அந்தியில் குளிக்க இறங்கிய ஒரு பிராமண இளைஞனுக்குத் தண்ணீர் விலகி நிலம் எழுந்தது என்று அங்கே கதை சொல்வார்கள்.

செங்கோட்டை ரயிலடி:
டிசம்பர் சரியான மாதம், வலசை வரும் ஊசிவால் வாத்துகள் காயலில் இருக்கும். விடியலில் போங்கள். நான் போனபோது மீனவர்கள் நட்ட கம்பு ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டு நின்றது, படகோட்டி மோட்டாரை நிறுத்தித் துடுப்புப் போட்ட பிறகுதான் மரத்துக்குள் வக்காக்கள் இருப்பதே தெரிந்தது. மோட்டாரோடு கரை வரை போனால் எல்லாம் எழும்பிவிடும், அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றி. அப்புறம், அன்று தண்ணீர் முழுக்க ஆகாயத்தாமரையாகக் கிடந்ததே, எப்போதும் அப்படித்தானா?

பாறசாலை அண்ணாச்சி:
அதற்குக் காரணம் தீவுக்கு வடக்கே இருக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணை. குட்டநாட்டு நெல்லுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்க 1976 முதல் கோடையில் ஷட்டரை அடைக்கிறார்கள். உப்பு ஏறினால் ஆகாயத்தாமரை கருகும், ஏறாவிட்டால் தழைத்துக்கொண்டே போகும். கறுப்புக் கக்காவுக்கோ (காயலில் வாழும் மட்டி) முட்டையிடக் கொஞ்சம் உப்பு வேண்டும், கடலிலிருந்து ஏறும் இறாலுக்கும் வழி அடைகிறது. நெல்லும் வேண்டியதுதான், ஆனால் முகம்மாவில் கக்கா வாரிப் பிழைப்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

இன்னொன்று, காயல் கரைகளில் உதளை மரம் நிறைய, காய் பச்சை மாங்காய் மாதிரியே இருக்கும், கொடிய விஷம். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.