மூடுபனியில் மரை, நிழலில் ஆறுமணிக் குருவி: எந்த மோடில் எடுக்கிறீர்கள்?

நானுஓயாவிலிருந்து

கமரா புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது "எந்த மோட் நல்லது?" என்றுதான். மோட் என்றால், வெளிச்சக் கணக்கில் எதை நாம் வைப்பது, எதைக் கமராவிடம் விடுவது என்ற தெரிவு. யாலையில் ஜீப்பில் போய் எடுக்கிறவர்கள் சொல்லும் பதில் நம்ம மலைக்குச் சரிவராது. அங்கே வெயில் ஏறினால் பின்னேரம் வரை அடிக்கும். இங்கே ஒரு மரை தலையை நிமிர்த்தி நம்மைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிவதற்குள் மூட்டம் வந்து போய்விடும். நம்ம பக்க அனுபவங்களை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

ஹோர்டன் சமவெளியில், பட்டிப்பொல கேட்டைத் தாண்டி ஃபார் இன் பக்கம் போகும் வழியில் ஒரு ஆண் மரை. புல்லுக்குள் கொம்பை விட்டு உழக்கியிருக்கிறது போல. ஒரு கொம்பில் ஈரப்புல் கொத்தாகத் தொங்கியது. பின்னால் முழுக்க வெள்ளை. இந்த இடத்தில்தான் மீட்டர், அதாவது கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி, நம் காலை வாரும். அதற்கு மரை தெரியாது, வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். கட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இறக்கப் பார்க்கும். மூட்டம் அழுக்காகி, மரையின் முகம் கறுத்துவிடும்.

நான் வைத்தது எம் (மெனுவல்) மோட், ஷட்டர் வேகம் 1/400 செகண்ட், அபர்ச்சர் என்கிற லென்ஸ் திறப்பு எஃப் 6.3. கமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓ மட்டும் ஒட்டோ. அதற்கு மேல் காம்பன்சேஷன், அதாவது மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் வசதி, ஒன்றே கால் ஸ்டொப் மாதிரி கூட்டல் பக்கம் (ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). மூட்டம் தடிக்கத் தடிக்க ஐஎஸ்ஓ 800க்கும் 1600க்கும் இடையில் தானாக ஏறி இறங்கியது. நான் கையை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுக்கவே இல்லை. ஆனால் மூட்டம் விலகிப் பின்னால் காடு தெரிந்த உடனே அந்தக் கூட்டலைப் பூச்சியத்துக்கு இறக்க வேண்டும். கறுத்த காட்டைப் பார்த்ததும் மீட்டர் இப்போது எதிர்ப்பக்கம் இழுக்கும், கூட்டலும் சேர்ந்தால் மரையின் முதுகு வெளிறிப்போகும்.

ஹட்டனிலிருந்து

தம்பி, மரைக்கு நீங்கள் சொன்னது சரி. பறக்கிறதுக்கு ஒட்டோ ஐஎஸ்ஓ வேண்டாம் என்பது என் கட்சி.

காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே தேயிலை மலையில் கருங்கழுகு அடிக்கடி வரும். அவசரமே இல்லாத பறவை. மர உச்சிகளை உரசுகிற மாதிரி, எங்கேயாவது குருவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மெதுவாக மிதக்கும். ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அதன் பின்னணி மூன்று விதமாக மாறிவிடும். முதலில் வானம், அப்புறம் வெயில் படும் தேயிலை, அப்புறம் யூக்கலிப்டஸ் வரிசையின் இருட்டு. கழுகின் மேல் விழும் வெயில் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒட்டோ ஐஎஸ்ஓ மூன்றுக்கும் மூன்று கணக்குப் போடும். வானத்துக்கு எதிரே கழுகு தார் பூசின மாதிரி வரும். மரங்களின் இருட்டுக்கு எதிரே வரும்போது இறகு நரைத்து, மஞ்சள் காலில் விவரமே இல்லாமல் போய்விடும். இரண்டு படமும் அடுத்தடுத்த செகண்டில் எடுத்தவையாகத்தான் இருக்கும்.

அதனால் பறவை வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். அதே வெயில் படுகிற தேயிலைப் பற்றை ஒன்றைப் பார்த்து அளந்துகொள்வேன். தேயிலையின் பச்சை ஏறக்குறைய நடுத்தரமான நிறம், அளக்க வசதி. கழுகு கறுப்பு என்பதால் அந்த அளவிலிருந்து அரை ஸ்டொப், முக்கால் ஸ்டொப் கூட வைப்பேன். காலை வெயிலில் அது 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 என்ற சுற்றுவட்டாரத்தில் வந்து நிற்கும். ஒரு படம் அடித்துத் திரையில் பார்க்கவும். மஞ்சள் கால் கறுப்பாகச் சிமிட்டினால் அங்கே வெளிச்சம் கூடிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் குறைத்தால் போதும். பிறகு அது வானத்தில் போனாலும் தேயிலைக்கு மேல் போனாலும் ஒரே கணக்கு. வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், நாம் வானத்தை எடுக்க வரவில்லை.

மேகம் வந்து வெயிலை மறைத்தால்? கையால் ஐஎஸ்ஓவை ஏற்றத்தான் வேண்டும். வெயிலும் மூட்டமும் மாறி மாறி வரும் நாளில் நானும் உங்கள் ஒட்டோ ஐஎஸ்ஓவுக்கு வந்துவிடுவேன். வெளிச்சம் நிலையாக இருந்து பின்னணி மட்டும் மாறினால் எல்லாவற்றையும் கையால் பூட்டு. வெளிச்சமே மாறிக்கொண்டிருந்தால் ஐஎஸ்ஓவைக் கமராவிடம் விடு. எம்மா, டிவியா (ஷட்டரை நாம் வைப்பது), ஏவியா (அபர்ச்சரை நாம் வைப்பது) என்ற சண்டையெல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. எங்கள் பக்கம் சிறுத்தை இருக்கிறது என்று தெரிந்ததும் "எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் மலை?" என்று உள்பெட்டியில் வந்து கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன், கோபிக்க வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் மாட்டிச் செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கண்டியிலிருந்து

என்னுடையது பழைய கெனன், 70-300 லென்ஸ். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக் குருவி பார்க்க மச்சானோடு போயிருந்தேன். இந்தியாவிலிருந்து அது இங்கே வந்து தங்கும் காலம். ஓடையோரம் செடிகளுக்கு அடியில் ஒரே இருட்டு. மச்சான் யூடியூபில் பார்த்துவிட்டு டிவி மோடில் 1/500, ஐஎஸ்ஓ 800 என்று பிடிவாதமாக நின்றார். வியூஃபைண்டரில் 5.6 சிமிட்டிக்கொண்டே இருந்தது. லென்ஸ் இதற்கு மேல் திறக்காது என்று கமரா சொல்கிறது. ஐஎஸ்ஓவையும் கட்டிப்போட்டுவிட்டால் அது வேறு எங்கே போகும்? படம் இருட்டாகத்தான் வந்தது.

நான் ஏவி மோடில் அபர்ச்சரை முழுசாகத் திறந்து, ஐஎஸ்ஓ 3200 வைத்தேன். ஷட்டர் 1/125 கிடைத்தது. பறவைக்கு 1/125 போதாது என்பார்கள். ஆனால் இந்தக் குருவியின் நடத்தையைப் பாருங்கள்: இரண்டு தத்துத் தத்தும், நிற்கும், அலகால் ஒரு இலையைப் புரட்டும், மறுபடியும் நிற்கும். நிற்கிற அந்தக் கணத்தில் நான்கைந்து படம் தொடர்ச்சியாக அடித்தால் ஒன்றாவது கூராக வரும். தொண்டை வெள்ளை, கீழே காய்ந்த இலை எல்லாம் கறுப்பு. காம்பன்சேஷனைக் கழித்தல் பக்கம் இரண்டு கிளிக் தள்ளினேன். தொண்டையிலும் இறகு தெரிந்தது, வாலடிச் சிவப்பும் கொழுந்துவிட்டது.

ஒரு சந்தேகம், ஹட்டன் அண்ணா. எம் மோடில் ஐஎஸ்ஓவை ஒட்டோவில் விட்டால் என் கமராவில் கூட்டல் கழித்தலே வேலை செய்யவில்லையே?

பண்டாரவளையிலிருந்து

எல்லோரும் ஓடுவதையும் பறப்பதையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் எடுப்பது கொம்பு ஓணான். மூக்கு நுனியில் காண்டாமிருகம் மாதிரி கொம்பு வைத்திருக்குமே, அதுதான். ஹக்கலையிலும் ஹோர்டன் சமவெளியிலும் பாசி படிந்த மரத்தண்டில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். அசையாத உயிருக்கு ஷட்டர் வேகம் எதற்கு? பிரச்சினை வேறு. மெக்ரோ லென்ஸில் கிட்டப் போனால் கொம்பு நுனி கூராக இருக்கும்போது கண் மங்கிவிடும். அதனால் எனக்கு ஏவிதான், எஃப் 11. திறப்பு சிறுத்தால் கூராகத் தெரியும் ஆழம் கூடும். பக்கவாட்டில் நின்று, கொம்பும் கண்ணும் ஒரே தளத்தில் வருகிற மாதிரிப் பார்த்துக்கொள்வேன். ஆணின் கொம்பு வெளிறிய நிறம், பாசியோ கரும்பச்சை. கொஞ்சம் கழித்தல் வைக்காவிட்டால் கொம்பு சுண்ணாம்பாகிவிடும்.

ஓணானைக் கையால் பிடித்து வசதியான கொப்பில் வைத்துப் படம் எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்த மோடைச் சொல்லித்தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹட்டனிலிருந்து

கண்டித் தம்பிக்கு: பழைய கெனன் கமராக்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. எம் மோடில் ஒட்டோ ஐஎஸ்ஓ வைத்தால் மீட்டர் சொன்னதே சட்டம். அதற்குப் பதிலாக டிவி மோடில் ஐஎஸ்ஓவை ஒட்டோவில் விடுங்கள், அங்கே கூட்டல் கழித்தல் வேலை செய்யும். மலை வெளிச்சத்தில் உங்கள் 70-300 எப்படியும் முழுசாகத் திறந்தேதான் நிற்கும். அபர்ச்சரைக் கமரா தீர்மானிக்கிறதே என்று கவலைப்பட ஒன்றும் இல்லை. மச்சானுக்கும் சொல்லுங்கள், டிவி மோடில் குற்றம் இல்லை, ஐஎஸ்ஓவைப் பூட்டியதுதான் வினை.

நானுஓயாவிலிருந்து

அண்ணா சொன்ன இரண்டையும் நான் டயலிலேயே ஏற்றிவிட்டேன். நம் கணக்கைச் சேமித்து வைக்கும் இடங்களான சி1இல் மரைக்கான ஒட்டோ ஐஎஸ்ஓ, சி2இல் கழுகுக்கான முழு மெனுவல். நிக்கோன் வைத்திருப்பவர்களுக்கு அது யூ1, யூ2. ஒரு விஷயம் கவனியுங்கள்: கெனனில் கமரா தூங்கி எழும்பினால் சி1 நீங்கள் சேமித்த பழைய கணக்குக்கே திரும்பிவிடும். மூட்டத்துக்காக இடையில் மாற்றி வைத்தது போய்விடும். மெனுவில் தானாகப் புதுப்பிக்கும் தெரிவைப் போட்டால் மாற்றியது அப்படியே நிற்கும்.

ஹக்கலையில் கரடிக் குரங்கு எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உச்சிக் கிளையில், வெள்ளை வானத்துக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றரை ஸ்டொப் கூட்டியும் முகம் கறுப்பாகவே வருகிறது.

பண்டாரவளையிலிருந்து

வானத்தை மறந்துவிடு தம்பி, இரண்டுக்கு மேலேயே போ. முகத்தைச் சுற்றி இருக்கிற வெளிறிய தாடி மயிர் மட்டும் எரியாமல் பார்த்துக்கொள். முடிந்தால் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பொட் மீட்டரை முகத்திலேயே வைத்து அள, அப்போது இவ்வளவு கூட்டலே தேவைப்படாது. இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து அடி பக்கவாட்டில் நடந்து பார். ஹக்கலையில் மலைச்சரிவே பின்னணியாக வருகிற இடம் தாராளமாக இருக்கிறது.