பொருள்: ‘ரெக்லெஸ்னஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்? வியாழன் இரவுக்குள் வேண்டும்

ஸ்கார்பரோ, வகுப்பு ஒருங்கிணைப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். சட்டம் படிக்கும் முதலாண்டு மாணவர்கள் சிலருக்குக் கனடியக் குற்றவியல் சட்டத்தின் அடிப்படைகளைத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்கள் படிப்பது ஆங்கிலத்தில்தான். ஆனால் நாளை அவர்களிடம் வரப்போகும் கட்சிக்காரர்களில் பலர் தமிழில்தான் விளக்கம் கேட்பார்கள். வகுப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

‘மென்ஸ் ரியா’வுக்குக் குற்றமனம், ‘ஆக்டஸ் ரியஸ்’ஸுக்குக் குற்றச்செயல் என்று வைத்துக்கொண்டோம். சிக்கல் குற்றமனத்தின் கீழ்ப்படிகளில் இருக்கிறது. மாடி முகப்பிலிருந்து ஒருவர் பூந்தொட்டியைக் கீழே தள்ளுகிறார். கீழே ஆட்கள் நடக்கிறார்கள், யார் தலையிலாவது விழலாம் என்று தெரிந்தே தள்ளினால் ரெக்லெஸ்னஸ். அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை, ஆனால் நிதானமுள்ள எவருக்கும் வந்திருக்கும் என்றால் நெக்லிஜென்ஸ். மூன்றாவது வேறு வகை. ‘இந்தப் பெட்டியை ஊருக்குக் கொண்டுபோங்கள்’ என்று யாரோ தருகிறார். உள்ளே போதைப்பொருள் இருக்குமோ என்று சந்தேகம் எழுகிறது. திறந்தால் தெரிந்துவிடுமே என்பதற்காகவே திறக்காமல் வாங்கிக்கொள்கிறார். இது வில்ஃபுல் பிளைண்ட்னஸ்.

இப்போதைக்கு முதல் இரண்டுக்கும் அசட்டை, கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறோம். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகவே படிக்கிறார்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அசட்டை வேண்டாம். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையையும் அசட்டை என்றுதான் சொல்கிறோம்.

‘எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு’ என்ற குறள் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? ரெக்லெஸ்னஸ் என்பது எண்ணாத்துணிவு. துணி என்ற வேருக்கு முதற்பொருள் அறுபடுதல். துணித்தல், துண்டு, துணுக்கு, நாம் உடுத்தும் துணி எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஐயத்தை அறுத்தெறிந்த பின் நிற்பது துணிவு. எண்ணாமலே அறுத்தால் எண்ணாத்துணிவு. கவனக்குறைவைக் கடிய வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்; அதிலிருந்து பொச்சாப்பு. மூன்றாவதற்குத் தேராமை, அதாவது ஆராயாமை. ‘தேரா மன்னா’ என்று கண்ணகி சொன்ன அதே சொல்.

மார்க்கம், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, பொச்சாப்பு என்று நான் நீதிமன்றத்தில் சொன்னால் எதிரிக் கூண்டில் நிற்பவர் திகைத்துப்போவார். கனடிய உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு அவருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையைத் தருகிறது. அந்த மொழிபெயர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 1994இல் டிரான் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது: இடையறாமல், துல்லியமாக, நடுநிலையாக, தகுதியுள்ளவரால், நடவடிக்கை நடக்கும்போதே. நடுவில் நிறுத்திக் குறளுக்கு உரை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ‘ஆபத்து என்று தெரிந்தும் செய்தார்’ என்றால் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கும் விளங்கும், சென்னையிலிருந்து வந்த தம்பிக்கும் விளங்கும்.

மதுரை, வழக்கறிஞர்:

இங்கே விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற தொடர் தவறாமல் வரும். அஜாக்கிரதை வடசொல்தான், ஆனால் படிக்காதவருக்கும் தெரியும். நெக்லிஜென்ஸுக்கு அதை வைத்துவிட்டால் மீதி இரண்டைப் பற்றி மட்டும் பேசலாம்.

மொன்றியல், வழக்கறிஞர்:

ஆசிரியர் ஐயாவின் எண்ணாத்துணிவு அழகான சொல். ஆனால் பொருள் நேர்மாறாகிவிடுகிறது. கனடாவில் ரெக்லெஸ் என்று சொல்லப்படுபவர் எண்ணாதவர் அல்லர், எண்ணியவர். 1985இல் சான்சிரெக்ரெட் வழக்கில் நீதிபதி மெக்கின்டயர் இதைத் தெளிவாக்கினார். தன் செயலால் தீங்கு நேரக்கூடும் என்று உணர்ந்தும், அது நேர்ந்தாலும் சரியென்று தொடர்பவரே ரெக்லெஸ். எண்ணவே எண்ணாதவர் நெக்லிஜென்ஸ் பக்கம் போய்விடுவார். மாணவர்கள் தேர்வில் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்; சொல்லே அவர்களைத் தவறான பக்கம் தள்ளிவிடக் கூடாது.

துணிவை வைத்துக்கொண்டு முன்னொட்டை மாற்றுவோம்: அறிதுணிவு. அறிதுயில் போல வினைத்தொகை. அறிந்த துணிவு, அறிகின்ற துணிவு, அறியும் துணிவு என மூன்று காலமும் அதில் உண்டு.

ஸ்கார்பரோ, ஒருங்கிணைப்பாளர்:

அறித்துணிவா, அறிதுணிவா? மாணவர் ஒருவர் ஒற்றுப் போட்டு அனுப்பியிருக்கிறார்.

தஞ்சாவூர்:

வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு, அறிதுயில். ஒற்றை நீக்கச் சொல்லுங்கள்.

அறிதுணிவை ஏற்கிறேன், ஒரு தயக்கத்தோடு. துணிவு தமிழில் பாராட்டுச் சொல். குற்றத்துக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

மதுரை:

‘பட்டப்பகலில் துணிகரக் கொள்ளை’ என்று நாளிதழ்களில் படிக்கிறோமே! அங்கே யாரும் கொள்ளையரைப் பாராட்டவில்லை.

மொன்றியல்:

தேராமைக்கு வருகிறேன். பாண்டியன் செய்தது வில்ஃபுல் பிளைண்ட்னஸ்தானா? சான்சிரெக்ரெட் தீர்ப்பின்படி, விசாரிக்க வேண்டிய தேவை இருப்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். உண்மை தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே விசாரிக்காமல் விட்டிருக்க வேண்டும். நெடுஞ்செழியனுக்குப் பொற்கொல்லன்மீது ஐயமே எழவில்லை. ஐயம் எழுந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம், அது புறநிலை அளவுகோல். ஆகவே தேராமை கவனக்குறைவின் பக்கம்தான் சாய்கிறது.

தஞ்சாவூர்:

ஊடிச் சென்ற கோப்பெருந்தேவியைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த அரசன் அவன். ‘சினையலர் வேம்பன் தேரான் ஆகி’ என்கிறார் இளங்கோ. தேர முடியாதவன் என்று சொல்லவில்லை. ஆராய்ந்தால் நேரமாகும், நேரமானால் ஊடல் வளரும். அறியாமல் இருப்பதில் அவனுக்கு ஒரு வசதி இருந்தது. அதைத்தானே உங்கள் நீதிமன்றமும் கேட்கிறது?

மொன்றியல்:

வசதி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்தேகம் இருந்ததற்குக் காப்பியத்தில் சான்று இல்லை. சந்தேகம் இல்லாமல் இந்தக் குற்றமனம் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2010இல் பிரிஸ்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே குருடு என்ற உருவகத்தைவிட, வேண்டுமென்றே அறியாதிருத்தல் என்ற விளக்கம் பொருத்தமானது என்ற கருத்தைப் பயனுள்ளதாக ஏற்றுக் காட்டியது. எழுந்த சந்தேகத்தை அமுக்கிவைக்கும் முயற்சி அதில் தெரிகிறது என்பது காரணம். நாமும் கண்ணை விட்டுவிடலாம். அறியமறுத்தல் என் பரிந்துரை.

மார்க்கம்:

அறியமறுத்தல் நன்று, கேட்டவுடன் விளங்குகிறது. அறிதுணிவில் எனக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. குற்றவியல் சட்டக்கோவையில் ரெக்லெஸ் இரண்டு இடங்களில் இரண்டு வேலை செய்கிறது. கொலையைச் சொல்லும் 229ஆம் பிரிவில், சாவு நேரக்கூடிய காயம் என்று அறிந்தும், செத்தாலும் பரவாயில்லை என்று தாக்கியவரைக் குறிக்கிறது. அங்கே அறிதுணிவு பொருந்தும். ஆனால் குற்றமுறு கவனக்குறைவைச் சொல்லும் 219ஆம் பிரிவிலும் அதே சொல் வருகிறது. அங்கே அவர் என்ன அறிந்தார் என்று நீதிமன்றம் தேடுவதில்லை. நிதானமுள்ளவரின் நடத்தையிலிருந்து எவ்வளவு தூரம் விலகினார் என்றுதான் அளக்கிறது. அங்கே அறிதுணிவு என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

மொன்றியல்:

நல்ல தடை. விடை பிரெஞ்சு வாசகத்தில் இருக்கிறது. சட்டக்கோவையின் இரு மொழி வாசகங்களுக்கும் சமமான அதிகாரம் உண்டு. 219இல் பிரெஞ்சுக்காரர்கள் ‘அன்சூசியான்ஸ்’ என்கிறார்கள், பொருட்படுத்தாமை என்று கொள்ளலாம். 229இலோ, சாவு நேர்ந்தாலும் நேராவிட்டாலும் தனக்கு ஒன்றுதான் என்பவர் என்று விரித்தே எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருப்பது அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. நமக்கு மட்டும் ஒன்று ஏன்?

ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பேட்டில் 2008இன் பீட்டி வழக்கைச் சேருங்கள். டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் ஒரு வாகனம் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த்திசைக் காரில் மோதி மூவர் இறந்தார்கள். கணநேரக் கவனச்சிதறல், அது ஆபத்தான ஓட்டுதல் என்ற குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றம் தந்த விடுதலையை மீண்டும் நிலைநாட்டியது. மூன்று உயிர் போனபின்னும் கேள்வி விளைவைப் பற்றியது அன்று, ஓட்டிய முறையைப் பற்றியது என்பதை மாணவர் புரிந்துகொண்டால் இந்தச் சொற்களுக்கு எல்லாம் ஏன் இத்தனை சண்டை என்பதும் புரியும்.

ஸ்கார்பரோ, ஒருங்கிணைப்பாளர்:

மணி பதினொன்று ஆகிறது, முடிக்கிறேன். ரெக்லெஸ்னஸ்: அறிதுணிவு. நெக்லிஜென்ஸ்: கவனக்குறைவு. அஜாக்கிரதை பக்கத்துக் கட்டத்தில் விளக்கமாக வரும். வில்ஃபுல் பிளைண்ட்னஸ்: அறியமறுத்தல். 219இல் வருவதற்கு மட்டும் பொருட்படுத்தாமை. பெரும்பாலோர் இதற்கு இசைந்திருக்கிறார்கள், சிலர் களைப்பினால் இசைந்திருப்பதும் தெரிகிறது. பீட்டி வழக்கைச் சேர்த்துவிட்டேன்.

மார்க்கம்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அறிதுணிவு ஏட்டில் இருக்கட்டும். திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நான் ‘ஆபத்து என்று தெரிந்தும்’ என்றுதான் சொல்வேன்.

தஞ்சாவூர்:

தேராமையைக் கைவிட்டது சரியில்லை. பாண்டியனுக்குச் சந்தேகம் எழுந்ததா என்பது பற்றி உரையாசிரியர்கள் சொல்வதைத் தொகுத்து நாளை தனியாக எழுதுகிறேன்.