பூட்டனாரின் ரிவோல்வரும் இன்றைய குளொக்கும்: எது வலிமையானது?

வெள்ளவத்தை வாசகர்:
வணக்கம். இலங்கைப் பாதுகாப்புப் படையில் பணியாற்றிய எனது பூட்டனார், பயிற்சித் திடலில் ரிவோல்வரைக் கையில் பிடித்தபடி நிற்கும் 1942 ஆம் ஆண்டுப் படமொன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அது வெப்ளி ஆறாம் மாதிரி என்றே வீட்டில் சொல்லி வருகிறார்கள். அந்தப் பெரிய சன்னத்துக்கு முன்னால் குளொக் போன்ற இன்றைய 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ஒன்றுமே இல்லை என்பது சித்தப்பாவின் உறுதியான கருத்து. குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பதால் இதைச் சரியாக அறிய விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1915 இல் ஆங்கிலேயப் படை ஏற்றுக்கொண்ட வெப்ளி ஆறாம் மாதிரியின் சன்னம் ஏறத்தாழ 17 கிராம் எடையுடையது. அது செக்கனுக்கு ஏறத்தாழ 185 மீற்றர் வேகத்தில் வெளியேறும். 9 மில்லிமீற்றர் சன்னம் 8 கிராம் மட்டுமே, ஆனால் அதன் வேகம் ஏறத்தாழ 360 மீற்றர். இயக்கச் சக்தியைக் கணித்தால் வெப்ளிக்கு 290 யூல் அளவிலும் மற்றதற்கு 520 யூலுக்கு அண்மையிலும் விடை வருகிறது. வேகம் வர்க்கிக்கப்படுவதால் சிறிய சன்னம் முந்திவிடுகிறது. உந்தத்தில், அதாவது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வரும் அளவில், வெப்ளியே சற்று மேலே நிற்கிறது. எனவே சித்தப்பாவின் எண்ணம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன்.

தெமட்டகொடை, ஓய்வுபெற்ற படைக்கலத் தொழிலாளி:
தம்பி, சன்னத்தை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது போதாது. உண்மையான வேறுபாடு, அடுத்த ரவையைக் குழலுக்கு நேரே கொண்டுவரும் வேலையை எது செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. ரிவோல்வரில் அந்த வேலை முழுவதையும் சுடுபவரின் விரலே செய்கிறது: விசையை இழுக்கும்போது ஆறு அறைகளுள்ள உருளை சுழல்கிறது, சுத்தியல் பின்னே எழுந்து விழுகிறது. அதனால் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னிழுத்துக்கொண்டால் மட்டுமே இலகுவாகும். 1982 இல் ஒஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட குளொக் 17 இல், சுட்டவுடன் எழும் பின்னுதைப்பே மேற்பகுதியைப் பின்தள்ளி, வெற்றுக் கூட்டை எறிந்து, பிடிக்குள் இருக்கும் ரவைப் பெட்டியான மகசினிலிருந்து அடுத்த ரவையை ஏற்றிவிடுகிறது. மகசின் 17 ரவைகளைக் கொள்ளும். உடலின் பெரும்பகுதி பொலிமர் என்பதால் வெறுமையாக 630 கிராம் அளவே நிறுக்கிறது. வெப்ளியோ ஒரு கிலோகிராமுக்கும் மேல்.

ஆனால் ரவையொன்று வெடிக்காமல் போனால் பழையதன் அருமை புரியும். ரிவோல்வரில் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை வந்துவிடும். பிஸ்டலில் மேற்பகுதியைக் கையால் பின்னிழுத்து அந்த ரவையை வெளியேற்ற வேண்டும். பிடி தளர்ந்தாலும் பிஸ்டல் சிக்கிக்கொள்ளக்கூடும், ஏனெனில் பின்னுதைப்பு வேலை செய்வதற்கு உறுதியான கை தேவை. வெப்ளியை நடுவே மடித்துத் திறந்தால் ஆறு வெற்றுக் கூடுகளும் ஒன்றாக வெளியே தள்ளப்படும். முதலாம் உலகப் போரில் ஆறு ரவைகளையும் ஒரே தடவையில் ஏற்றும் பிரிடோ என்ற கருவியையும் அதற்குப் பயன்படுத்தினார்கள். நன்கு பழகிய ஒருவரின் கையில் அது நாம் நினைப்பதைப் போல் மெதுவான ஆயுதம் அல்ல.

இன்னொன்று. 1942 என்கிறீர்கள். 1932 இலேயே ஆங்கிலேயப் படை, பின்னுதைப்புக் குறைந்ததும் பயிற்றுவிக்க எளிதானதுமான .38 அங்குல என்பீல்ட் இரண்டாம் இலக்க ரிவோல்வரை ஏற்றுக்கொண்டுவிட்டது. தோற்றத்தில் அது வெப்ளியை மிகவும் ஒத்திருக்கும். குழல் வெப்ளிக்கு 6 அங்குலம், என்பீல்டுக்கு 5 அங்குலம். 1938 இல் வந்த என்பீல்ட் மாற்றுவடிவத்தில், கட்டைவிரலால் இழுக்கும் முனை சுத்தியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். படத்தில் அதைப் பாருங்கள்.

வெள்ளவத்தை வாசகர்:
மிக்க நன்றி ஐயா, ஆசிரியருக்கும் நன்றி. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுத்தியலில் முனை இல்லை. பின்புறம் வழவழப்பாகவே தெரிகிறது.

தெமட்டகொடை, ஓய்வுபெற்ற படைக்கலத் தொழிலாளி:
அப்படியானால் அது பெரும்பாலும் என்பீல்டாகத்தான் இருக்க வேண்டும். அதன் சன்னம் வெப்ளியினதைவிட இலேசானது; வேகத்திலும் பெரிய ஏற்றம் இல்லை. சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பூட்டனாரின் பணிப் பதிவேடு ஏதும் வீட்டில் இருந்தால், எழுதுவதற்கு முன் அதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.